எஸ்தர் அக்காவின் வெள்ளைப் பக்கம்

போன வாரம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரம்யா தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "சார், ஒண்ணுமே வரமாட்டேங்குது. எர்ரர்கூட இல்ல, வெள்ளையா இருக்கு" என்றாள். பழைய எச்.டி.எம்.எல். பக்கம் ஒன்றுக்குள் நாலு வரி பி.எச்.பி. புரோகிராம் எழுதிச் சேர்த்து, அந்தக் கோப்பை ஃபோல்டரிலிருந்து அப்படியே டபுள் கிளிக் செய்து திறந்திருக்கிறாள். நான் அவள் எழுதியதைப் படிக்கவே இல்லை. பிரவுசரின் உச்சியில் முகவரி இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தேன். "சர்வர் வழியாத் திறம்மா. இதைப் படிக்கத் தெரிஞ்சது அதுதான். பிரவுசருக்குத் தெரியாது. தெரியாததைச் சத்தமில்லாம மறைச்சிடும்" என்றேன். திறந்தாள். வந்தது. "எப்படி சார், பார்த்த உடனே!" என்று கண்ணை விரித்தாள்.

"அனுபவம்தான்" என்று சிரித்துவைத்தேன். ஆனால் காது இரண்டும் சுட்டன. பாராட்டுக்குக் கூச்சப்படுகிற ஆள் இல்லை நான். எங்கிருந்தாவது ஒன்று வராதா என்று கழுத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறவன். இது வேறு. இந்த ஒரு பதிலை மட்டும் யாரிடம் சொன்னாலும் எனக்கு உடம்பு கூசும். திரையின் வெள்ளைக்கு வாசனை ஏது? இருந்தாலும் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஈரக் கார்ப்பெட்டின் நாற்றம் மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கார்ப்பெட் இருந்தது பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிப் பக்கம். கீழே மருந்துக்கடை, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒரு மூலை எப்போதும் நனைந்தே கிடக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் செத்துப்போகும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். ராதாபுரத்திலிருந்தும் கங்கைகொண்டானிலிருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்களின் வேர்த்த கால்கள் அந்தக் கார்ப்பெட்டுக்குத் தங்கள் பங்கைச் செய்தன. பாதிப் பேர் படிப்புக்காக அல்ல, குளிருக்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ராதாபுரம் முத்துக்குமார் அதை ஒளிக்கவும் மாட்டான். "எங்க ஊர்ல பனை மட்டும்தான் சார் நிக்கி, நிழல் கிடையாது. இங்கன உக்காந்தா எந்திரிக்க மனசு வரமாட்டேங்கு" என்பான்.

சென்டரின் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். அப்பா பாத்திரக்கடைக்கு மாறினார், மகன் கம்ப்யூட்டருக்கு. தினமும் வண்ணார்பேட்டைப் படித்துறையில் ஆற்றில் முழுகிவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு வருவார். வந்ததும் முதல் வேலை, தன் அறையில் தனியாக வீற்றிருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குத் திருநீறு பூசிக் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்தியைச் செருகுவது. அதற்கு 'சர்வர்' என்று பெயர். வெளியே வகுப்பில் இருந்த பன்னிரண்டு மெஷின்களுக்கும் அதிலிருந்து கேபிள் போனது. அதை யாரும் தொடக் கூடாது. நானே இரண்டு தடவையோ மூன்று தடவையோதான் தொட்டிருப்பேன், அதுவும் கை கழுவிவிட்டு.

நான் அங்கே வாத்தியார். கணக்கில் பி.எஸ்ஸி., அதற்குமேல் ஒரு வருஷ டிப்ளமோ, இருபத்துமூன்று வயது. ஃபாக்ஸ்ப்ரோ தெரியும். 'சி' தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டு, "வே, இனிமே எல்லாம் இன்டர்நெட்டுதானாம். நீரு மதுரைக்குப் போயி மூணு நாள் படிச்சிட்டு வந்து இங்கன வகுப்பு எடும்" என்றார். போனேன். பி.எச்.பி. என்ற பெயரையே அங்கேதான் கேட்டேன். சொல்லிக்கொடுத்தவர் புயல் வேகத்தில் போனார். நானும் விடவில்லை, திரையில் தெரிந்த ஒவ்வொரு வரியையும் நோட்டில் ஏற்றினேன். எக்கோ, டாலர் குறி, அரைப்புள்ளி எதையும் தவறவிடவில்லை. ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவர் பிரவுசரின் மேலே ஒரு முகவரியை அடித்துவிட்டு என்டரைத் தட்டினாரே, அதை. அது புரோகிராமில் சேர்த்தியில்லை என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் படித்தவர்களுக்கு அது புதிதில்லை. வலது பக்கம் கோடு போட்ட தாள், அதில் பேனாவால் புரோகிராம். இடது பக்கம் கோடு போடாத வெள்ளைத் தாள், அதில் பென்சிலால் அவுட்புட். ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, திரையில் வந்ததை அதற்குள் எழுதிவிட்டால் கீழே வாத்தியார் கையெழுத்து. உலகமே இந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும் என்று நம்பி வளர்ந்தவன் நான். வலது பக்கத்தில் இருப்பது எப்படி இடது பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று எந்த நோட்டிலும் எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. தவிர, கல்லூரியில் மெஷின் ஓடாத நாட்களில் என்ன வரும் என்று யூகித்து இடது பக்கத்தை நிரப்புவது எங்களுக்கு வழக்கம். கையெழுத்தும் தங்குதடையில்லாமல் கிடைக்கும்.

மதுரையிலிருந்து ஹார்டுவேர்காரர் ஒருவர் வந்து, செவ்வந்தி சூடிய மெஷினில் பி.எச்.பி.யை ஏற்றிவிட்டு, "எல்லாம் ரெடி" என்று சொல்லிவிட்டுப் போனார். கேபிள்தான் இருக்கிறதே, அங்கே ஏற்றினால் பன்னிரண்டு மெஷினிலும் ஏறியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தேன். வெளியே ஒரு மெஷினில், வணக்கம் என்ற ஒரே சொல்லை எழுதிக்காட்டும் மூன்று வரி. டபுள் கிளிக் செய்தேன். வெள்ளை. நான்தான் எங்கேயோ தப்பாக அடித்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்பில் பன்னிரண்டு பேர். அதில் எஸ்தர் அக்கா ஒருவர்தான் என்னைவிட மூத்தவர், முப்பது தாண்டியிருக்கும். சமாதானபுரத்தில் அம்மாவும் படிக்கிற தம்பியும். அப்பா இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட். அந்த வேலை அந்த வருஷத்தோடு முடிகிறது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நிரந்தரமாக ஒரு கம்ப்யூட்டர் வேலை வருகிறது, இன்டர்நெட் படிப்பு முடித்த சர்டிபிகேட் இருந்தால் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லி வந்து சேர்ந்திருந்தார். என்னை அவர் 'சார்' என்பார், நான் அவரை 'அக்கா' என்பேன். அந்த 'சாரை' அவர் சிரிக்காமல் சொன்னதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

முதல் பயிற்சி அன்று பன்னிரண்டு பேருக்கும் வெள்ளைதான் வந்தது. பன்னிரண்டு முகமும் என்னைப் பார்த்தன. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மதுரைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், கீழே மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு அரைப்புள்ளி விட்டாலும் இப்படித்தான் வரும். வீட்ல போயி நிதானமாப் பாருங்க. இப்போ ரெக்கார்டு எழுதிருங்க. அவுட்புட்டுல வணக்கம்னு வரும்" என்றேன். முத்துக்குமார் கட்டம் போட்டு, அதற்குள் 'வணக்கம்' என்று பூ வேலைப்பாட்டோடு எழுதி, முதல் ஆளாக நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வரிசையாக வந்தார்கள்.

எஸ்தர் அக்கா வரவில்லை. நான் அவர் மெஷினுக்குப் போனேன்.

"என்னக்கா, எழுதலியா?"

"வரலியே சார்."

"வரும்க்கா. எழுதிருங்க."

"வரும்னு தெரியும் சார். இன்னும் வரலைல்லா? வராததை எப்படி எழுத?"

குரலில் எதிர்ப்பெல்லாம் இல்லை. மெய்யாகவே வழி கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்ப அடிக்கச் சொன்னேன். அடித்தார். வெள்ளை. இன்னொரு தடவை. வெள்ளை. நாலாவது தடவை வகுப்பே வேடிக்கை பார்த்தது. அப்போது நான் சொன்னேன்: "மொதல்ல டைப்பிங்கை ஒழுங்காப் பழகிட்டு வாங்கக்கா."

தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவரிடம், பத்து வருஷமாகத் தட்டச்சு அடித்து வீட்டை நடத்துகிறவரிடம், இதைச் சொன்னேன். கங்கைகொண்டான் கோஷ்டி சிரித்தது. அக்காவும் கொஞ்சம் சிரித்தார். கழுத்துவரை சிவந்துபோய்ச் சிரித்தார். அந்த முகத்தை இதை எழுதும்போதுகூட என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு விஷயம் உண்டு, இதைவிட மோசமானது. இரண்டு நாள் கழித்து அவர் என்னைத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். வெள்ளைப் பக்கத்தின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, அந்தப் பக்கத்தின் மூலத்தைக் காட்டும் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார். "சார், இங்கன பாருங்க. நாம எழுதினது அப்படியே கிடக்கு, ஒரு எழுத்துகூட மாறலை. தப்பு இருந்தா ஏதாவது சொல்லும்லா? இது எவரும் வாசிக்காத லெட்டர் மாதிரில்லா இருக்கு."

நண்பரே, அந்த அறையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பி.எச்.பி. வாயாடி. நிஜமாகவே தப்பு இருந்தால் எந்த வரியில் என்று சொல்லித் திட்டும். ஒரு சத்தமும் இல்லாமல் எழுதியதெல்லாம் அப்படியே கிடந்தால், அது பி.எச்.பி.யின் கண்ணிலேயே படவில்லை என்று அர்த்தம். நான் அதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. எஸ்தர் அக்கா கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். நான் அந்த ஜன்னலை மூடினேன். "அதையெல்லாம் நோண்டாதீங்கக்கா. சிலபஸ்ல இல்லாதது" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பயிற்சிகளையும் ஒழுங்காக வலது பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். எச்.டி.எம்.எல். பயிற்சிகளுக்கு அவுட்புட் வந்தது, எழுதினார். பி.எச்.பி. பயிற்சிகள் ஆறு, அவற்றின் இடது பக்கம் சும்மா கிடந்தது. எல்லாப் பயிற்சியிலும் கையெழுத்து இருந்தால்தான் அண்ணாச்சி சர்டிபிகேட் கொடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சார், திங்கக்கிழமைக்குள்ள சர்டிபிகேட் அனுப்பணுமாம். ரெக்கார்டு கொண்டாந்திருக்கேன்" என்றார். அவுட்புட் எழுதிக் கொண்டாங்க, உடனே போடுதேன் என்றேன். என் முன்னாலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து பென்சிலும் ஸ்கேலும் எடுத்தார். ஆறு இடது பக்கத்திலும் ஆறு கட்டம் போட்டார், மூலை பிசகாமல். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி, "இதுதான் சார் வந்துது. இதுக்குப் போடுங்க" என்றார்.

நான் போடவில்லை. கோபம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை, பயம். அந்த வெற்றுக் கட்டத்தின் கீழே என் கையெழுத்து விழுந்தால், மற்ற பதினோரு நோட்டிலும் போட்டதெல்லாம் பொய் என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி. "இப்படியெல்லாம் போட முடியாதுக்கா" என்றேன். அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன வே?" என்றார். "ரெக்கார்டு முடிக்கலை அண்ணாச்சி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா பென்சில், ஸ்கேல், நோட்டு எல்லாவற்றையும் பையில் வைத்து, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். குடையை மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடக்கூட எனக்குத் தைரியம் இல்லை, முத்துக்குமாரைத்தான் அனுப்பினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மதுரை ஹார்டுவேர்காரர் ஏதோ பழுது பார்க்க வந்தார். போகிற போக்கில், நான் வெளியே ஒரு மெஷினில் டபுள் கிளிக் செய்வதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இப்படித் திறந்தா ஜென்மத்துக்கும் வராதுங்க" என்று சிரித்தார். கோப்பைச் சர்வர் மெஷினில் ஒரு ஃபோல்டரில் போட்டார். என் மெஷினுக்கு வந்து, பிரவுசரின் மேலே அந்த மெஷினின் முகவரியை அடித்து என்டரைத் தட்டினார். வணக்கம் என்று வந்தது. அரைப்புள்ளி மாறவில்லை, எதுவும் மாறவில்லை. பக்கத்து அறையில் அண்ணாச்சி, "வருதா வே?" என்று கேட்டார். "எப்பவும் வாரதுதானே அண்ணாச்சி" என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் வருகிற வாய் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அடுத்த பேட்ச்சுக்கு முதல் நாளே முகவரியைச் சொல்லிக்கொடுத்தேன், பிறந்ததிலிருந்தே தெரிந்தவன்போல. நல்லா நடத்துதாருன்னு பேர்கூட வந்தது.

சமாதானபுரம் எங்கள் சென்டரிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு தடவை புறப்பட்டேன். ஒரு தடவை மார்க்கெட் வரை போய்ப் பழச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு தடவை அவர் வீட்டு வாசலே தெரிந்தது. கொடியில் தம்பியின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே ரேடியோ பாடியது. அப்படியே நேராக நடந்து அடுத்த தெரு வழியாக வந்துவிட்டேன்.

கடைசியில் அவரே எதிரில் வந்தார். பாளை பஸ் ஸ்டாண்டில், கையில் ரேஷன் பையோடு. நான் பார்க்காததுபோலப் போயிருப்பேன், அவர்தான், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று நிறுத்தினார். தூத்துக்குடியில் என்ன ஆச்சு என்று கேட்டேன். "சர்டிபிகேட் இல்லைன்னு கூப்பிடவே இல்ல சார்" என்றார், ஊர்ச்சேதி சொல்வதுபோல. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாராம். பிறகு கொஞ்சம் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், அது எதனால வரலைன்னு அப்புறம் பாத்தீங்களா? எனக்கு அது மனசுலயே கிடக்கு."

வேலையைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. நான் வகுப்பில் சிரிக்கவைத்ததைப் பற்றிச் சொல்லவில்லை. காரணம் மட்டும் கேட்டார். காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம். நான் சொன்னேன்: "ஏதாவது சின்ன டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்க்கா."

"அப்படியா சார்" என்றார். யோசித்தார். "நாந்தான் எங்கயோ விட்டிருப்பேன் போல. இந்தக் கம்ப்யூட்டர் நமக்கு ஒத்துவராது சார்." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மாடியில் இப்போது பல் டாக்டர். செருப்போடு நேரே போய்ப் படுக்கலாம். கார்ப்பெட், கேபிள், செவ்வந்தி சூடிய சர்வர் எதுவும் இல்லை. எங்கள் பி.எச்.பி. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் அன்று பதிப்பு எண்ணாக ஒரு '3' ஒட்டிக்கொண்டிருக்கும், அதுகூடப் போய்விட்டது. போன வருஷம் ஊருக்குப் போனபோது, எனக்குத் தாமதமாக வந்த தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சமாதானபுரத்துக்குப் போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. எதிரே பெட்டிக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"டைப்பிஸ்ட் எஸ்தரா? அம்மா போனப்புறம் தம்பிகூடப் போயிட்டாவ. ஓசூரோ, பெங்களூரோ. யாருக்கும் சரியாத் தெரியாது. என்ன விஷயமா வந்தீய?"

"அவங்க ஒரு புரோகிராம் எழுதினாங்க அண்ணாச்சி. அவங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம் மேலதான். அதைச் சொல்லணும்னு வந்தேன்."

"எப்ப எழுதினது?"

"இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைக்காவது இந்தப் பக்கம் வந்தாவன்னா சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, காத்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார்.